பல் எடுத்த குழியில் போன் கிராஃப்ட்: இம்ப்ளாண்ட் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்லை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலோர் கேட்பது இரண்டு கேள்விகள்தான். வலிக்குமா? எத்தனை நாளில் ஆறும்? அந்த இடத்தில் பிற்பாடு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகி இறக்கும் செயற்கைப் பல்வேர், வைக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும்: பல்லை எடுத்த கையோடு அந்தக் குழியில் போன் கிராஃப்ட் எனும் எலும்புத் துகள் நிரப்பலைச் செய்ய வேண்டுமா? இதைக் கேட்க வேண்டிய நேரம் பல் எடுப்பதற்கு முன்புதான். எடுத்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், கிடைக்கும் பதில் பல சமயம் இன்னும் பெரிய, இன்னும் நீண்ட சிகிச்சையாக இருக்கும்.

பல் போனால் எலும்பு ஏன் குறைகிறது

பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு பல்லை நம்பி வாழ்கிறது. வேரிலிருந்து மெல்லிய நார்கள் கிளம்பிக் குழியின் உட்சுவரில் புதைந்திருக்கின்றன. கடிக்கும்போதெல்லாம் அந்த நார்கள் எலும்பை இழுத்து இழுத்து உயிர்ப்போடு வைக்கின்றன. நார்களோடு ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் உட்சுவருக்கு ஊட்டம் தருகின்றன. பல் வெளியே வந்ததும் இரண்டும் நின்றுவிடுகின்றன. வேலையில்லாமல் போன அந்த எலும்பைச் சில வாரங்களிலேயே உடல் கரைக்கத் தொடங்குகிறது.

முதலில் பாதிக்கப்படுவது உதட்டையும் கன்னத்தையும் பார்த்திருக்கும் வெளிச்சுவர். மேல் முன்பற்களில் இந்தச் சுவர் பலருக்கு 1 மி.மீ. கனம்கூட இருப்பதில்லை. அது கரைந்ததும் எலும்பு மேடு உள்பக்கமாக ஒடுங்கிவிடும். எதுவும் நிரப்பாமல் ஆறவிட்ட குழிகளை அளந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 6 மாதத்தில் அகலத்தில் சராசரியாக 3.8 மி.மீ., உயரத்தில் ஏறத்தாழ 1.2 மி.மீ. குறைந்திருந்தது. கடைவாய்ப் பற்களையும் அவற்றுக்கு முன்னாலுள்ள சிறு கடைவாய்ப் பற்களையும் எடுத்தவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில் அகலம் பாதியாகியிருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்துக்குள்ளேயே நடந்திருந்தது.

இம்ப்ளாண்ட் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வழக்கமான இம்ப்ளாண்ட் ஒன்றின் விட்டம் சுமார் 4 மி.மீ. அதன் வெளிப்பக்கம் குறைந்தது 1.5 மி.மீ., முடிந்தால் 2 மி.மீ. எலும்பு இருக்க வேண்டும். உட்பக்கம் 1 மி.மீ. வேண்டும். ஆக, 6.5 முதல் 7 மி.மீ. அகலம் தேவை. பல் இருந்தபோது 9 மி.மீ. அகலமாக இருந்த மேடு 3.8 மி.மீ. இழந்தால் மிஞ்சுவது 5.2 மி.மீ. இடம் போதாது.

போன் கிராஃப்ட் இந்த இழப்பை முழுவதும் தடுத்துவிடாது. அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சராசரியாக அகலத்தில் 1.5 முதல் 2 மி.மீ. வரை மிச்சப்படும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் மேலே சொன்ன கணக்கில், நேரடியாக இம்ப்ளாண்ட் வைக்க முடிவதும், முதலில் இன்னொரு எலும்பு அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த 2 மி.மீ.யில்தான் தீர்மானமாகிறது.

எப்போது தேவை, எப்போது தேவையில்லை

ஞானப்பல் எடுத்த இடத்தில் பொதுவாகத் தேவையில்லை. அங்கே யாரும் இம்ப்ளாண்ட் வைப்பதில்லை. இம்ப்ளாண்ட் எண்ணமே இல்லாமல், கழற்றி மாட்டும் பல்செட்டோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் அவசியமில்லை. நான்கு சுவர்களும் தடிமனாக, உடையாமல் இருக்கும் கடைவாய்ப் பல் குழி தானாகவே நன்றாக ஆறலாம். அதிலும் இரண்டு மூன்று மாதத்தில் இம்ப்ளாண்ட் வைப்பது உறுதி என்றால் சும்மா விடுவதும் நியாயமான முடிவுதான்.

பல் எடுத்த அன்றே இம்ப்ளாண்ட் வைக்கும் முறையும் உண்டு. தொற்று இல்லாமல், வெளிச்சுவர் முழுதாக இருந்து, வேர்நுனிக்கு அப்பாலும் இம்ப்ளாண்ட்டைப் பிடித்துக்கொள்ள எலும்பு இருந்தால் அது சாத்தியம். அப்போதும் இம்ப்ளாண்ட்டுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அதில் எலும்புத் துகள் நிரப்புவது வழக்கம்.

நிரப்புவதுதான் நல்லது என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லக்கூடிய இடங்கள்: மேல் முன்பற்கள், வேர் விரிசலாலோ நாள்பட்ட சீழாலோ வெளிச்சுவர் ஓட்டையாகிவிட்ட பற்கள், மூக்கை ஒட்டிய சைனஸ் அறைக்கு அருகில் வேர் இருக்கும் மேல் கடைவாய்ப் பற்கள், பணமோ நேரமோ இல்லாததால் இம்ப்ளாண்ட் ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகக்கூடியவர்கள்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு, சீழ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அவசரப்படக்கூடாது. அப்போது பல்லை எடுத்து, தொற்றை அடக்கி, ஈறு மூடியதும், அதாவது பல் எடுத்து 6 முதல் 8 வாரம் கழித்து, எலும்புச் சிகிச்சைக்கு வருவதே பாதுகாப்பு.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போய்விடக்கூடாது. கிராஃப்ட் கெட்டுப்போவதற்கான காரணங்களில் பல, நோயாளி சொல்லாமல் விட்ட ஒரு தகவலில் இருக்கின்றன.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள், முன்பு எடுத்து நிறுத்தியவர்கள்கூட, கட்டாயம் சொல்ல வேண்டும். இவை தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்தைக் கூட்டுபவை. மாத்திரையைவிட நரம்பு வழியாக ஏற்றும் ஊசிக்கு, அதிலும் புற்றுநோய்க்காகக் கொடுக்கும் அளவுக்கு, ஆபத்து பல மடங்கு அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்கள் இது தினசரி மருந்து இல்லையே என்று நினைத்துப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். டெனோசுமாப் ஊசியைத் தானாகத் தள்ளிப்போடுவதும் கூடாது. முதுகெலும்பு முறிவு வரை கொண்டுபோய் விடலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தக்கூடாது. வார்ஃபரின் எடுப்பவர்கள் அண்மையில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எடுத்த, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவோடு போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை முடிவைக் கொண்டுபோக வேண்டும். அது 8-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத எலும்பு வேலையைப் பல மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள்.

புகைப்பவர்களுக்கு: குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்தி, பிறகு 8 வாரம் தொடாமல் இருக்க வேண்டும். நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நிரப்பிய துகள்களுக்குள் புதுக் குழாய்கள் நுழைய வேண்டிய முதல் சில வாரங்களில் அந்த வழி அடைபட்டால், உள்ளே எலும்பு உண்டாகாது. புகையிலை மெல்லுவதும் இதே கணக்கில்தான் வரும்.

எந்தப் பொருளை நிரப்புகிறார்கள்

குழிக்குள் வைக்கும் துகள் அப்படியே எலும்பாக மாறிவிடுவதில்லை. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போல, உடல் தன் சொந்த எலும்பைக் கட்டி முடிக்கும்வரை இடத்தையும் வடிவத்தையும் தாங்கி நிற்பதே அதன் முதல் வேலை. சாரம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதில்தான் பொருளுக்குப் பொருள் வேறுபாடு.

உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்பில் உயிருள்ள செல்களும் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. ஆனால் எடுக்க இன்னொரு காயம் வேண்டும், சீக்கிரம் கரைந்தும் போகும். ஒற்றைக் குழிக்கு அதை மட்டுமே நிரப்புவது அரிது.

எலும்பு வங்கியில் பதப்படுத்திய மனித எலும்புத் துகள் கொடையாளர்களிடமிருந்து வருவது. உறையவைத்து உலர்த்தி, நோய்த்தொற்றுப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தியது. பொதுவாக 4 மாதத்தில் இம்ப்ளாண்ட் வைக்கும் நிலைக்கு வந்துவிடும். மாட்டு எலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்யும் துகள் மிக மெதுவாகவே கரையும். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்குவதும் உண்டு. உருவம் குலையாமல் இருப்பது இதன் பலம். 6 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பற்களில் உதட்டுப் பக்க மேடு உள்வாங்காமல் இருக்க இதையே விரும்பும் மருத்துவர்கள் ஏராளம். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸி அபடைட் போன்ற செயற்கைப் பொருள்களும் உண்டு. முதலாவது சில மாதங்களில் கரைவது, இரண்டாவது மெதுவாகக் கரைவது. இரண்டையும் கலந்தும் தயாரிக்கிறார்கள். கால்சியம் சல்பேட் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். தனியாக அதை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால் பலனிருக்காது.

சமயம், உணவு நெறி காரணமாக மாடு, பன்றி சார்ந்த பொருள்களை ஏற்காதவர்கள் கிராஃப்ட் துகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடக்கூடாது. மேலே போர்த்தும் கொலாஜன் மெம்பரேனும் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுத் திசுவிலிருந்து செய்வதுதான். இரண்டுக்கும் மாற்று இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் வரவழைத்து வைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் கையில் இருப்பதைத்தான் வைக்க முடியும்.

பி.ஆர்.எஃப். என்பது உங்கள் ரத்தத்திலிருந்தே எடுக்கும் ஃபைப்ரின் கட்டி. 10 மி.லி. குழாயில், உறைவுத் தடுப்பான் எதுவும் சேர்க்காமல் ரத்தம் எடுத்து, உடனே சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழற்றுவார்கள். நிமிடத்துக்கு 2700 சுற்றில் 12 நிமிடம் என்பது பரவலான முறைகளில் ஒன்று. ரத்தம் எடுத்துச் சில நிமிடம் சும்மா வைத்துவிட்டால் குழாயிலேயே உறைந்து வீணாகிவிடும். ஈறு சீக்கிரம் மூடவும் வலி குறையவும் பி.ஆர்.எஃப். உதவுகிறது. ஆனால் அது மென்மையான பொருள். உடைந்த வெளிச்சுவரைத் தாங்கி நிறுத்தும் வலு அதற்கில்லை. அப்படிப்பட்ட குழிகளில் துகளோடு கலந்து வைப்பதே சரி.

சிகிச்சை நாளில் நடப்பது

ஒரு பல்லுக்கு எல்லாம் சேர்த்து 45 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மயக்கம் தேவையில்லை. அந்த இடத்தை மரக்கவைக்கும் ஊசி போதும்.

1. முதலில் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.பி.சி.டி. எனும் முப்பரிமாண ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. வெளிச்சுவரின் நிலை, கீழ்த்தாடை நரம்பின் இருப்பிடம், சைனஸின் தரை ஆகிய மூன்றையும் காட்டுவது சி.பி.சி.டி. மட்டுமே.

2. பல்லை எடுப்பது. முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. பல்லை வெளிப்பக்கமாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் மெல்லிய வெளிச்சுவர் பல்லோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு உயர்ந்த பொருளை நிரப்பினாலும் பாதி பலன்தான். மெல்லிய தகடு போன்ற பெரியோடோம் கருவியை வேருக்கும் எலும்புக்கும் நடுவே இறக்கி, நார்களை அறுத்து, பல்லை மெதுவாகத் தளர்த்த வேண்டும். பல வேர்ப் பற்களை வேர் வேராக வெட்டிப் பிரித்துத் தனித்தனியே எடுக்க வேண்டும். இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மருத்துவர் நிதானமாக எடுக்கிறார் என்றால் அது நல்ல அறிகுறி.

3. குழியைச் சுத்தம் செய்வது. நாள்பட்ட தொற்றால் உண்டான சதை முழுவதையும் சுரண்டி எடுத்து, உப்புநீரால் கழுவுவார்கள். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் அதன் மேல் வைக்கும் கிராஃப்ட் கெட்டுவிடலாம். பிறகு சுவர்களை மெல்லிய அளவுகோலால் தடவிப் பார்ப்பார்கள். குழிக்குள் ரத்தம் ஊற வேண்டும். வறண்டிருந்தால் எலும்பில் சிறு துளைகள் இட்டு ரத்தம் வரவைப்பார்கள். ரத்தம் வராத குழியில் புது எலும்பும் வராது.

4. துகளை நனைப்பதும் நிரப்புவதும். துகளின் அளவு பொதுவாக 0.25 முதல் 1 மி.மீ. வரை. உப்புநீரிலோ உங்கள் ரத்தத்திலோ நனைத்து, சிறிது சிறிதாக வைப்பார்கள். ஒற்றை வேர்க் குழிக்கு 0.5 சி.சி. குப்பி ஒன்று பெரும்பாலும் போதும். கடைவாய்ப் பல்லுக்கு 1 சி.சி. வரை பிடிக்கலாம். இறுக்கித் திணிப்பது பெரிய தவறு. துகள்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் ரத்தக் குழாய்கள் உள்ளே புகும். எலும்பின் விளிம்பு மட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும். மேலே குவித்தால் ஈறு மூடாது, குவித்த துகளும் உதிர்ந்துவிடும்.

5. மூடுவது. ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். தடுப்பு இல்லாவிட்டால் ஈறுத் திசு முந்திக்கொண்டு குழிக்குள் இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். அதைத் தடுக்கவே மெம்பரேன். எலும்பு விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மி.மீ. வரை ஈறுக்கு அடியில் செருகப்பட வேண்டும். கொலாஜன் தானாகக் கரையும். பி.டி.எஃப்.இ. எனும் செயற்கைப் பொருளால் ஆன அடர்த்தியான வகை கரையாது, அதை 3 முதல் 4 வாரத்தில் மருத்துவர் எடுத்துவிடுவார். வெளிச்சுவர் உடைந்திருந்தால் மெம்பரேனை முதலில் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் பிறகுதான் துகளை நிரப்புவார்கள்.

6. தையல். குறுக்குத் தையல் ஒன்றிரண்டு போட்டு மெம்பரேனை அழுத்தி நிறுத்துவார்கள். ஈறு இரு பக்கமும் முழுதாக ஒட்டாமல் நடுவில் வெள்ளையாக மெம்பரேன் தெரிந்தால் பதற வேண்டாம். ஈறை வலிந்து இழுத்து மூடினால் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழமிழக்கும், உறுதியான ஈறு இடம் மாறிப்போகும். அதனால் பல மருத்துவர்கள் வேண்டுமென்றே திறந்து விடுகிறார்கள். தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.

புறப்படுவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

வீட்டில் முதல் இரண்டு வாரம்

வாயில் வைத்த பஞ்சுத்துணியை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். முதல் 24 மணி நேரம் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக்கூடாது. மூன்றுமே வாய்க்குள் உறிஞ்சும் விசையையோ அலசலையோ உண்டாக்கி, ரத்தக் கட்டியையும் துகளையும் பெயர்த்துவிடும். எச்சில் ஊறினால் விழுங்கிவிடுங்கள், அல்லது தலையைக் குனிந்து தானாக வழியவிடுங்கள். உறிஞ்சுகுழலை ஒரு வாரம் வரை தவிர்ப்பது நல்லது.

கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், பிறகு 15 நிமிடம் ஓய்வு. இப்படி முதல் நாள் முழுக்கச் செய்யலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். படுக்கும்போது தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். மரப்பு விலகும் முன்பே, மருத்துவர் எழுதிக் கொடுத்த முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

சூடு, காரம், மொறுமொறுப்பு இல்லாத, குழைந்த உணவை மறுபக்கமாக மெல்லுங்கள். சிறு விதைகள் உள்ள எதையும் இரண்டு வாரம் தவிர்க்கலாம். தையலுக்கு அடியில் அவை போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற பற்களை அன்று இரவே மெதுவாகத் துலக்கலாம். தையல் போட்ட இடத்தில் மட்டும் பிரஷ் படக்கூடாது.

மறுநாள் முதல் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி, பொதுவாக 0.12 அல்லது 0.2 விழுக்காடு, ஒரு நாளைக்கு இருமுறை 10 முதல் 15 மி.லி. பலமாகக் கொப்பளிக்காமல், வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்து வழியவிட்டால் போதும். பற்பசை போட்டுத் துலக்கிய உடனே இதைப் பயன்படுத்த வேண்டாம். பற்பசையின் நுரைப்பொருள் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் நாக்கில் மணல் போல ஒன்றிரண்டு துகள் தட்டுப்படும். அது இயல்பு, மேல்மட்டத்திலிருந்து உதிர்வது. நாக்கால் துழாவிப் பார்ப்பதுதான் கெடுதல். அடிக்கடி நிறைய வந்துகொண்டே இருந்தால், அல்லது மெம்பரேன் கழன்று தொங்கினால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். தொங்குவதை நீங்களே இழுக்க வேண்டாம்.

மேல் கடைவாய்ப் பல் எடுத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சைனஸ் தரை மெல்லியதாக இருந்தால் அந்த அழுத்தமே வழி திறந்துவிடும்.

தற்காலிகப் பல் மாட்டியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதி கிராஃப்ட் இடத்தைத் தொடவே கூடாது. தினமும் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டிருக்கும் பல்செட் அடியிலுள்ள எலும்பைச் சத்தமில்லாமல் கரைத்துவிடும். மாட்டியதும் அந்த ஈறு வெளுத்துப் போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வெளுத்தால் உடனே தேய்த்துக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

எங்கே தவறுகிறது

நன்றாகப் போகும் காயத்தில் வலி நாளுக்கு நாள் குறையும். மூன்றாம் நான்காம் நாளுக்குப் பிறகு கூடினால், துர்நாற்றமோ சீழோ வந்தால், காய்ச்சல் அடித்தால், வடிந்த வீக்கம் மீண்டும் ஏறினால், தொற்று என்று கொண்டு அன்றே போய்க் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே கழுவி மருந்து கொடுத்தால் ஓரளவாவது காப்பாற்றலாம். முற்றிவிட்டால் நிரப்பியதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறவிட்டுப் பிறகு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால் சைனஸ் திறந்திருக்கிறது என்று பொருள். ஊசியின் மரப்பு விலக வேண்டிய நேரம் தாண்டியும், அதாவது மறுநாளும், கீழுதடும் தாடையும் மரத்தே இருந்தால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். இந்த இரண்டையும் அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிவைக்கக்கூடாது.

இன்னொரு தோல்வி வெளியே தெரியாமல் நடக்கும். ஈறு அழகாக மூடியிருக்கும், வலியும் இருக்காது. ஆனால் இம்ப்ளாண்ட் வைக்கத் திறந்தால் உள்ளே எலும்பு இருக்காது. சதைக்குள் துகள்கள் ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கும். இறுக்கித் திணித்தது, ரத்தம் ஊறாத குழியில் வைத்தது, தொற்றுச் சதையை முழுதாக நீக்காதது, தற்காலிகப் பல்லின் அசைவு, புகை ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள். அதையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் மேலேயே இம்ப்ளாண்ட்டைத் திருகுவது வீண்.

காத்திருக்கும் மாதங்களும் இம்ப்ளாண்ட் நாளும்

முதல் வாரத்தில் ரத்தக் கட்டி இளம் சதையாக மாறும். அடுத்த சில வாரங்களில் ஒழுங்கற்ற, மென்மையான முதல்நிலை எலும்பு தோன்றும். அது அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பாக மாற மாதங்கள் பிடிக்கும். வெளியே ஈறு 4 முதல் 6 வாரத்தில் மூடிவிடுவதால் எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும். உள்ளே வேலை அப்போதுதான் சூடு பிடித்திருக்கும்.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஏமாறவும் கூடாது. மாட்டு எலும்புத் துகளும் ஹைட்ராக்ஸி அபடைட்டும் வைத்த அன்றே வெள்ளையாகத்தான் தெரியும். படத்தின் வெண்மை எலும்பு உருவானதற்குச் சான்றல்ல. வைத்த பொருள், கடந்த மாதங்கள், புதிய சி.பி.சி.டி.யில் அகலம், இந்த மூன்றையும் சேர்த்தே நாள் குறிக்க வேண்டும். அதற்காகக் கால வரம்பில்லாமல் தள்ளிப்போடவும் வேண்டாம். கடிக்கும் விசை கிடைக்காத மேடு கிராஃப்ட் வைத்த பிறகும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

இம்ப்ளாண்ட் நாளில் துளையிடும்போதே எலும்பின் தரம் மருத்துவரின் கைக்குத் தெரிந்துவிடும். இம்ப்ளாண்ட்டைத் திருகி இறக்கும்போது 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவு எதிர்ப்பு கிடைத்தால் நல்ல பிடிப்பு. அதற்குக் கீழே இருந்தால் உடனே பல் பொருத்தாமல், ஈறுக்கு அடியில் மூடி இன்னும் 3 முதல் 6 மாதம் விட்டுவைப்பார்கள். வெளிப்பக்கம் சற்றுக் குறைந்திருந்தால் அன்றே சிறிது துகளும் மெம்பரேனும் வைப்பது உண்டு. இதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. முன்பற்களில் இது சகஜம். அகலம் மிகவும் போதாவிட்டால் தனி எலும்பு வளர்ப்பு அறுவை சிகிச்சை, மேல் கடைவாயில் உயரம் 5 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் சைனஸ் தரையை உயர்த்தும் சிகிச்சை என்று அடுத்த படிக்குப் போக நேரும்.

நல்லபடியாக நடந்தால் கிராஃப்ட்டுக்கு 4 முதல் 6 மாதம், இம்ப்ளாண்ட் எலும்போடு சேர 3 முதல் 4 மாதம், அதன் பிறகு கிரௌன், அதாவது இம்ப்ளாண்ட்டின் மேல் பொருத்தும் பல். பல் எடுத்த நாளிலிருந்து நிரந்தரப் பல் வரை 8 முதல் 11 மாதம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு பயணம், பிற அறுவை சிகிச்சை, பணம் எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

கிராஃப்ட் குப்பியிலும் மெம்பரேன் உறையிலும் பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதோடு சிகிச்சைத் தேதி, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள், சி.பி.சி.டி.யின் மூலக்கோப்பு ஆகியவற்றையும் ஒன்றாக வைத்திருங்கள். இடையில் ஊர் மாறினாலோ மருத்துவர் மாறினாலோ, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அடுத்தவர் அறிய வேறு வழி இல்லை. அச்சிட்ட படம் மட்டும் கையில் இருந்தால் அதில் அகலத்தை அளக்க முடியாது, மூலக்கோப்பையே கேட்டு வாங்க வேண்டும்.